வட்டங்களை வைத்து ஆராய்ச்சி செய்தால் வேலை கிடைக்குமா?

முதுகலைக் கணிதம் படிக்கும் உங்கள் மகள் சர்க்கிள் பேக்கிங்கில் (ஒன்றையொன்று தொடும் வட்டங்களை அடுக்கிப் படிக்கும் கணிதத் துறை) ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னதும் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது, புரிகிறது. ‘வட்டத்தை வட்டத்தோடு ஒட்டி வரைய ஐந்து வருடமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் எதில் இறங்குகிறார் என்று தெரிந்தால்தான் வேலையைப் பற்றிப் பேச முடியும்.

பகுமுறைச் சார்புகளுக்கு, அதாவது கலப்பெண்களில் வகையிடக்கூடிய சார்புகளுக்கு, ஒரு குணம் உண்டு. வகைக்கெழு பூச்சியமாகாத இடத்தில் மிகச் சிறிய வட்டம் ஒன்றைக் கொடுத்தால், ஏறக்குறைய வட்டமாகவே திரும்பி வரும். 1985இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேசிய அமெரிக்கக் கணிதவியலாளர் வில்லியம் தர்ஸ்டன் இதைத் தலைகீழாகப் பிடித்தார். துளையில்லாத ஒரு பரப்பைச் சமமான குட்டி வட்டங்களால் அறுகோண அமைப்பில் நிரப்புங்கள். எது எதைத் தொடுகிறது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, விளிம்பு வட்டங்கள் எல்லாம் ஓரலகு வட்டின் ஓரத்தைத் தொடும்படி ஆரங்களை மாற்றுங்கள். வட்டங்கள் சிறுக்கச் சிறுக்க இந்த மாற்றம் ரீமான் மேப்பிங்கை (அந்தப் பரப்பைக் கோணம் கெடாமல் ஓரலகு வட்டாக மாற்றும் பகுமுறைச் சார்பு) நெருங்கும் என்பது அவர் ஊகம். 1987இல் பர்ட் ரோடினும் டென்னிஸ் சல்லிவனும் அதை நிரூபித்தார்கள். அப்படி ஆரங்களை மாற்ற முடியும் என்பதற்கான தேற்றம் 1936இலேயே ஜெர்மானியக் கணிதவியலாளர் கோபே கையில் இருந்தது. அரை நூற்றாண்டு யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கணினியில் நடப்பது பள்ளிக் கணக்குதான். ஒன்றையொன்று தொடும் மூன்று வட்டங்களின் மையங்களைச் சேர்த்தால் முக்கோணம். ஆரங்களைக் கூட்டினால் பக்கங்கள் வந்துவிடும், கொசைன் விதி கோணங்களைத் தந்துவிடும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் கோணங்களின் கூட்டுத்தொகை 360 டிகிரி வர வேண்டும். அதிகமாக இருந்தால் அந்த வட்டத்தைப் பெரிதாக்க வேண்டும், குறைவாக இருந்தால் சிறிதாக்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தில் உள்ளது கெடும். அதையும் சரிசெய்து, திரும்பத் திரும்பச் சுற்றி வந்தால் எல்லாம் ஒரு நிலைக்கு வந்துவிடும். (வட்டின் ஓரத்தைத் தொட வைக்க யூக்ளிட் அல்லாத வடிவியல் தேவைப்படும். பல மாணவர்கள் திணறுவது அங்கேதான்.) புதிய ஆரத்தைப் பழைய ஆரத்தால் வகுத்தால் வகைக்கெழுவின் மட்டு மதிப்பு தோராயமாகக் கிடைக்கும். வகைக்கெழு பூச்சியமாகும் இடத்துக்கும் வழி இருக்கிறது: அங்கே மட்டும் கூட்டுத்தொகையை 720 டிகிரி ஆக்கினால், பக்கத்து வட்டங்கள் வர்க்கச் சார்பில் நடப்பதுபோல இரண்டு சுற்று சுற்றும். வட்டைத் தனக்குள்ளேயே அனுப்பும் பகுமுறைச் சார்பு யூக்ளிட் அல்லாத தூரங்களைக் கூட்டாது என்று சொல்லும் ஷ்வார்ட்ஸ்-பிக் துணைத்தேற்றத்துக்குக்கூட வட்டங்களில் ஒரு வடிவம் உண்டு. அதாவது இது வெறும் தோராயக் கருவி அல்ல. தனக்கென்று தேற்றங்கள் கொண்ட ஒரு துறை.

இனி வேலை. ‘சர்க்கிள் பேக்கிங் தெரிந்தவர் தேவை’ என்று எந்த விளம்பரமும் வராது. பேராசிரியர் பணியிடங்களும் குறைவு, போட்டி கடுமை. ஆனால் வளைந்த பரப்பைக் கோணம் அதிகம் கெடாமல் தட்டையாக விரிப்பது மருத்துவப் படிமவியலிலும் கணினி வரைகலையிலும் அன்றாடத் தேவை. மூளையின் மடிப்புகளை விரித்துக் காட்ட இதே வட்டங்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் வேறு முறைகளைத்தான் கையாளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் தன் கையால் இந்த நிரலை எழுதி, அது ஏன் ஒரு விடையில் போய் நிற்கிறது என்று நிரூபிக்கவும் தெரிந்தவருக்கு அந்த முறைகள் அந்நியமாக இருக்காது. நிரல் எழுதாமல் தேற்றம் மட்டும் படித்தால் இந்தக் கதவு திறக்காது.

அதனால் முனைவர் பட்டத்துக்கு இப்போதே கையெழுத்துப் போட வேண்டாம். முதுகலை ப்ராஜெக்டாக இதை எடுக்கட்டும். கென்னத் ஸ்டீபன்சன் உருவாக்கிய சர்க்கிள்பேக் மென்பொருள் இலவசம். முதலில் அதில் விளையாடிவிட்டு, பிறகு சில நூறு வட்டங்களுக்குத் தானே பைத்தானில் எழுதிப் பார்க்கட்டும். நிரலில் பிழை தேடும் நாட்கள் பிடிக்கின்றனவா, நிரூபணத்தோடு மல்லுக்கட்டும் நாட்கள் பிடிக்கின்றனவா என்று அவருக்கே தெரிந்துவிடும். இரண்டுமே பிடிக்கவில்லை என்றால் படங்களின் அழகில் மயங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

பிடித்திருந்தால் நெறியாளரைத் தேடும்போது, அவர் கலப்பெண் பகுப்பாய்விலோ கணக்கீட்டு வடிவியலிலோ அண்மையில் கட்டுரை எழுதியிருக்கிறாரா, அவரிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். உதவித்தொகை உறுதியாகாமல் சேர்க்காதீர்கள்.