அவதிக் கிரையம்

அன்புள்ள ஐயா,

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தா எழுதிக்கொடுத்த பத்திரம் ஒன்று கிடைத்தது. நந்தன வருஷம், 1952. இரண்டு மா நஞ்சை. ‘நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாண அக்ஷீண ஆகாமி சித்த சாத்தியமென்னும் அஷ்டபோக சுவாமியங்களுடன், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சந்திர சூரியர் உள்ளவரை’ என்று ஒரு வரி. சித்தப்பா அதைப் படித்துவிட்டு, “புதையலைக்கூட விடாம எழுதிக் கொடுத்துட்டாரே” என்று தலையில் கை வைத்தார். இதற்கு என்ன அர்த்தம்? மேலே ‘அவதிக் கிரையம்’ என்றிருக்கிறது. கஷ்டத்தில் விற்றதால் அப்படி எழுதினார்களா? நடுநடுவே ௸ என்று ஒரு எழுத்து வருகிறதே, அது என்ன?

ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன். ௸ என்றால் மேற்படி. ‘௸ நிலம்’ என்றிருந்தால் மேற்படி நிலம்.

சித்தப்பாவை அந்த நீண்ட வரிக்காகக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நிதி புதையல், நிக்ஷேபம் வைத்துவைத்த பொருள், ஜலம் நீர், தரு மரம், பாஷாணம் கல். அக்ஷீணம் இப்போது வரும் குறையாத பலன், ஆகாமி இனி வரப்போவது. சித்தம் ஏற்கெனவே விளைவுக்கு வந்தது, சாத்தியம் இனிமேல் கொண்டுவரக்கூடியது. எண்ணிப் பாருங்கள், அஷ்டபோகம் என்று சொல்லிவிட்டு ஒன்பதை அடுக்கியிருக்கிறார். வழக்கமான எட்டில் தரு கிடையாது. வரப்பில் நல்ல தென்னை நின்றிருக்கும், பத்திரம் எழுதியவருக்கு விட மனம் வரவில்லை போலிருக்கிறது.

இந்த வரி இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்திருக்காது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-வது பிரிவு, வேறு விதமாகச் சொல்லாத வரை, கைமாறும் சொத்தோடு அதைச் சேர்ந்த உரிமைகளும் மண்ணோடு ஒட்டியவையும் போய்விடும் என்கிறது. புதையலோ, பத்திரத்தில் எழுதிவிட்டதால் மட்டும் வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடாது. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் அகப்பட்டால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். சந்திர சூரியர் அதைவிடப் பழையவர்கள். சோழர் கல்வெட்டில் ‘சந்திராதித்தவல்’ என்று வருகிறவர்கள்தான் உங்கள் பத்திரத்திலும் வந்து நிற்கிறார்கள்.

நீங்கள் போகிற போக்கில் கேட்ட அவதிதான் விஷயம். இந்த அவதிக்கும் கஷ்டத்துக்கும் சம்பந்தமில்லை. வடமொழி ‘அவதி’, எல்லை, தவணை. கெடு என்போமே, அது. பழைய பத்திரங்களில் ‘வாய்தா’வும் இதே பொருளில் வரும். அரபியில் வாக்குறுதி என்று பொருள்படும் சொல் அது. இன்றைக்கு வாய்தா என்றால் கோர்ட்டில் தள்ளிப்போடுவது மட்டும்தான் என்றாகிவிட்டது.

அவதிக் கிரையம் என்றால், இத்தனை வருஷத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கட்டினால் நிலம் திரும்பும், கட்டாவிட்டால் கிரையம் உறுதியாகும் என்ற ஏற்பாடு. பார்த்தால் விற்பனை, உள்ளே கடன். எதிரே இருப்பது அறுதிக் கிரையம், திரும்பி வராத ஒரேயடியான விற்பனை. கெடு வைத்த பத்திரத்தில் சந்திர சூரியரையும் சாட்சிக்கு இழுத்திருக்கிறார்களே, அது அறுதிக் கிரைய வாசகத்தைப் பார்த்து அப்படியே எழுதிய வேலை.

தலைப்பை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டிவிடாதீர்கள். கோர்ட் தலைப்பைப் பார்ப்பதில்லை, ஷரத்தைப் பார்க்கும். மேலே சொன்ன சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-வது பிரிவில் 1929-ல் கொண்டுவந்த திருத்தப்படி, திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தால்தான் அது அடமானம். தனித்தாளில் எழுதி வாங்கியதோ வாய்வார்த்தையோ போதாது. தாத்தா காலத்தில் “பணம் வந்ததும் நிலத்தைத் திருப்பி எழுதித் தரேன், நம்புங்க” என்ற பேச்சை நம்பி எத்தனையோ பேர் நிலத்தை விட்டிருக்கிறார்கள்.

ஷரத்து இருந்தாலும் ஆசைப்பட்டு வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கெடு ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்வோம். அடமானம் என்று ஆனால், மீட்கும் உரிமை கெடு முடிகிற 1957-ல் பிறக்கிறது. 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் அங்கிருந்து 30 வருஷம் தருகிறது. 1987-லேயே கதவு சாத்தியாயிற்று. இதே நிலத்தைப் போக்கியமாகக் கொடுத்திருந்தால், அதாவது கடனுக்காக நிலத்தைச் சுவாதீனத்தில் விட்டு அனுபவிக்கச் சொல்லியிருந்தால், கணக்கு வேறு. போக்கியம் எழுதிய தேதியிலிருந்து அந்த 30 வருஷத்தை எண்ணக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஆகவே பத்திரத்தை மறுபடி எடுத்து, தொகை எழுதிய இடத்துக்குக் கீழே மெதுவாகப் படியுங்கள். ‘கெடுவுக்குள் செலுத்தி’, ‘மீட்டுக்கொள்கிறது’, ‘கெடு தவறினால்’ என்ற மாதிரி ஏதாவது வருகிறதா பாருங்கள். எழுத்து மங்கியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போடலாம். பத்திர எண்ணும் வருஷமும் பின்பக்கத்து முத்திரையில் இருக்கும். கெடு எத்தனை வருஷம் என்று தெரிந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.