பாய்க்கு அடியில் மருந்துக் காகிதம் போடலாமா?

கேள்வி: ஏற்காட்டில் குடியிருக்கிறோம். படுக்க கோரைப்பாயும் ஜமக்காளமும்தான். மழை பிடித்ததிலிருந்து ஒன்றரை வயதுக் குழந்தை எழுந்ததும் தும்முகிறாள். தூசி உண்ணியைக் கொல்லும் மருந்து தடவிய காகிதம் என்று சேலத்தில் ஒரு கடையில் காட்டினார்கள். பாய்க்கு அடியில் விரித்தால் போதுமாம். வாங்கலாமா?

பதில்: உங்கள் வீட்டுக்கு வேண்டாம். ஜப்பானில் தத்தாமி பாய்க்கு இப்படிக் காகிதம் போடுவார்கள். சுமார் 5 செ.மீ. தடிமனில் தரையோடு கிடக்கும் கனமான பாய் அது. தினமும் எடுத்து உதற முடியாது. உங்கள் பாயைச் சுருட்டித் தூக்கிவிடலாமே!

தூசி உண்ணி என்பது படுக்கைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர். காகிதத்தில் படுகிற உண்ணிதான் சாகும். மேலே ஜமக்காள நூலுக்குள் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. தும்மலைக் கிளப்புவது உண்ணியின் எச்சமும் செத்த உடலும். கொன்ற பிறகும் அவை பாயிலேயேதான் கிடக்கும். எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு அருகே மருந்துக் காகிதம் வேறு எதற்கு?

உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழ்கிறது. மூடுபனிக் காலத்தில் பெருகுவது அதனால்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தாதீர்கள், கொடியில் விரித்துப் போடுங்கள். வெயில் வந்த அன்று இரண்டு பக்கமும் திருப்பிக் காயவைத்து, குழந்தை இல்லாத இடத்தில் தட்டி உதறுங்கள். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

ஜமக்காளத்துக்கு வெந்நீர்தான் மருந்து. 60 டிகிரியில் அரை மணி நேரம் ஊறினால் உண்ணி சாகும், எச்சமும் அலசலில் போய்விடும். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பாதிக்குப் பாதி விளாவினால் சூடு பற்றாது. 2 பங்கு கொதிநீருக்கு 1 பங்கு பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள், 70 டிகிரி அளவில் இருக்கும். துணி போட்டதும் கொஞ்சம் இறங்கும், அதனால் வாளியை மூடிவையுங்கள். சாயம் போகுமா என்று முதலில் ஒரு ஓரத்தை நனைத்துப் பாருங்கள்.

பாயில் வெளிறிய பொடிப்பூச்சி ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சணம் தின்னும் புத்தகப்பேன். அதற்கும் ஈரம் போவதுதான் வழி. குழந்தைக்கு இழுப்பு, இரவு இருமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடுக்க முடியாத கனமான கம்பளத்துக்கு இந்தக் காகிதம் வாங்குபவர்கள் உறையில் மருந்தின் பெயர், சதவீதம், மத்திய பூச்சிக்கொல்லி வாரியப் பதிவு எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘மூலிகை’ என்று மட்டும் போட்டிருந்தால் தொடவேண்டாம். பெர்மெத்ரின் என்றிருந்தால் பூனை வளர்க்கும் வீட்டுக்கு ஆகாது, அது பூனைக்கு விஷம். பில் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்ல அது வேண்டும்.