கும்பகோணத்துக்கு வந்து எழுத நினைக்கும் தங்கச்சிக்கு

தங்கச்சிக்கு வணக்கம்.

மலேசியாவில், கிள்ளானில் வேலையை விட்டுவிட்டு, ஒன்றிரண்டு வருடம் தஞ்சாவூர்ப் பக்கம் தங்கிச் சிறுகதைகள் எழுதலாம் என்று நினைப்பதாகக் கேட்டிருந்தீர்கள். தனியாக ஒரு பெண் அங்கே இருக்க முடியுமா, நாதஸ்வரம் வாசிக்கும் நாயனக்காரர்களும் சிலை வார்க்கும் ஸ்தபதிகளும் ஆட்டக்காரர்களும் நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா, அந்தச் சந்தடியில் எழுத்து நடக்குமா என்பவை உங்கள் கேள்விகள். நானும் பேராக்கில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்து, கும்பகோணத்துக்கு வந்து நிலைத்துவிட்டவள். அந்த உரிமையில் சொல்கிறேன். இருக்கலாம், சேர்த்துக்கொள்வார்கள், எழுத்தும் நடக்கும். ஆனால் அவர்களுடைய வருஷம் எப்படி ஓடுகிறதோ அப்படி உங்கள் வருஷமும் ஓட வேண்டும். அதற்கு மனசு ஒப்பவில்லை என்றால் இரண்டு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவதே நல்லது.

முதலில் தாள் வேலை. உங்கள் தாத்தா பாட்டி இங்கிருந்து போனதற்குச் சான்று இருந்தால், வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்துவிட்டால் ஆயுள் முழுக்க விசா இல்லாமல் வந்து போகலாம், எவ்வளவு நாளும் தங்கலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பத்திரிகைக்குச் செய்தி வேலை செய்வதற்கும் ஆராய்ச்சிக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். அப்படி எண்ணம் இருந்தால் முன்னாலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் உண்டு. அங்கிருந்து தஞ்சாவூர் வழியாக ரயிலோ பஸ்ஸோ பிடித்தால் கும்பகோணம். இது சுலபமான பகுதி.

வீடு பிடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. “பூர்வீகம் எது?” என்று கேட்பார்கள். நம் ஆட்கள் இதைப் பாசமான கேள்வி என்று நினைத்து, தாத்தா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போன கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவோம். கேட்கிறவருக்கு வேண்டியது ஊர்ப் பெயர் மட்டும் அல்ல. எந்தத் தெரு, யார் வகையறா என்று அடுத்தடுத்து வரும். சாதியைத்தான் அப்படிச் சுற்றிக் கேட்கிறார்கள். நான் தோட்டத்தின் பெயரைச் சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வேன். அதனால் சில வீடுகள் கிடைக்காமல் போயின. கடைசியில் ஒரு தவில்காரரின் மனைவி தனக்குத் தெரிந்த பட்டு நெசவுக் குடும்பத்தில் பேசி, அவர்கள் வீட்டு மாடியை வாங்கிக் கொடுத்தார். கீழே வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொள்வார்கள், என்னிடம் தமிழில். என்னை யார் என்று இதுவரை அவர்கள் கேட்டதில்லை. அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறேன்.

கலைஞர்கள் நடுவிலும் இது உண்டு என்பதைத் தெரிந்துகொண்டே வாருங்கள். நாயனக்காரரை மணமேடைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சால்வை போடுகிற அதே ஊர், பறை அடிக்கிறவரைத் தெரு முனையிலேயே நிறுத்திவிடும். இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள், இரண்டு பேர் வீட்டிலும் சாப்பிடுகிறேன். அதை ஒளிப்பதில்லை. அதனால் என்னிடம் பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு. அந்தப் பேச்சு போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

இனி அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்கிறேன். தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும், திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை வரும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று கொடியேற்றமும் கல்யாணமும் மாறி மாறி நடக்கும். அப்போது எந்த நாயனக்காரரையும் வீட்டில் பார்க்க முடியாது. இரவு முழுக்க சுவாமி புறப்பாட்டுக்கு வாசித்துவிட்டு, விடிந்ததும் இன்னொரு ஊர்க் கல்யாணத்துக்குப் போவார்கள். ஆடி வந்தால் கல்யாணம் இல்லை, நாயனமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளம் ஓய்ந்துவிடும். ஆனால் அம்மன் கோயில்களில் காப்புக் கட்டு, கஞ்சி வார்ப்பு என்று கரகாட்டக்காரர்களுக்கும் அவர்களுக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்துக்கும் அதுதான் கை நிறையும் மாதம். ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தம் இருந்தாலும் மழையில் வேலை குறைந்துவிடும். மார்கழியில் கோயில் வாசிப்பு உண்டு, கல்யாண வருமானம் கிடையாது.

இதற்கெல்லாம் அடியில் ஆறு இருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். தண்ணீர் நேரத்துக்கு வந்து குறுவை நெல் நன்றாக விளைந்தால் கிராமத்தில் திருவிழாவுக்காகக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி தடங்கலின்றி வசூலாகும், திருவிழாவுக்கு இரண்டு செட் மேளம் சொல்லுவார்கள். தண்ணீர் தாமதமானால் ஒரு செட், அதிலும் பேரம். நாம் மலேசியாவில் மழையைப் பற்றிப் பேசுவது குடை எடுப்பதற்காக. இங்கே தவில்காரர் வீட்டில் அணையின் அடிக்கணக்கைத் தினமும் பேப்பரில் பார்க்கிறார்கள். அந்த வீட்டில் உட்கார்ந்து பழகினால் நீங்களும் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

எழுத்து நடக்குமா என்று கேட்டீர்கள். இங்கே கதவைச் சாத்திக்கொண்டு “வேலையாக இருக்கிறேன்” என்று சொல்வது யாருக்கும் புரியாது. வெந்நீர் வேண்டுமா, மாவு வேண்டுமா, வந்த சம்பந்தி யார் தெரியுமா என்று வந்துகொண்டே இருப்பார்கள். என் பக்கத்துத் தெருவில் ஒரு நாயனக்காரர் விடிகாலையில் எழுந்து சாதகம், அதாவது வாசிப்புப் பயிற்சி, பண்ணுவார். ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நீளமாக ஊதுவதுதான் முதல் அரை மணி நேரம். அந்த நேரத்தில் அவர் மனைவிகூட அவரைக் கூப்பிடுவதில்லை. அவர்தான் தெருவில் சொல்லி வைத்தார், காலையில் அக்காவுக்கும் அது சாதக நேரம், பத்து மணி வரைக்கும் யாரும் மாடி ஏறக்கூடாது என்று. அன்றிலிருந்து யாரும் ஏறியதில்லை. பத்து மணிக்கு மேல் கதவைத் திறந்து போட்டுவிட வேண்டும். நான் எழுதியதெல்லாம் அவருடைய நாயனத்தின் ஊதுவாயான சீவாளிச் சத்தத்துக்கு நடுவில்தான்.

அவரோடு ஒருமுறை நரசிங்கம்பேட்டைக்குப் போங்கள். ஆடுதுறைக்குப் பக்கத்தில் சின்ன ஊர். நாயனம் செய்வது அங்கே பரம்பரைத் தொழில், 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தைத்தான் தேடி வாங்குவார்கள். பல வருஷம் உத்தரமாகவும் தூணாகவும் நின்று ஈரம் முழுக்க வற்றிய மரம் அது. புது மரத்தில் செய்தால் வெடிக்கும். அந்த ஊர் ரங்கநாத ஆசாரி, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்குச் செய்து கொடுத்த பாரி நாயனம்தான் இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. முன்பு இருந்த குட்டையான திமிரியில் சுருதி உச்சத்தில் நிற்கும். பாரி நீளம், சுருதி இறங்கி வரும், ராகத்தை நிதானமாக விரிக்கலாம். இதை ஒரு கச்சேரிக்காரர் வாயால் கேட்டுக்கொண்டே, கடைசலில் மரத்தூள் பறப்பதைப் பார்த்தால் நாள் போவதே தெரியாது.

சுவாமிமலைக்கு நீங்களே போய்விடுவீர்கள் என்று தெரியும். ஒரு விஷயம் மட்டும். பட்டறையில் மெழுகு வேலை நடக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து உருட்டி, தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்துத் தாளம் என்கிற சிலை அளவை அளந்து, விரல் நுனியில் முகம் பிடிப்பார்கள். அப்போது சிரிப்பும் ஊர் வம்புமாகத்தான் இருக்கும். காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, கம்பி கட்டி, வறட்டி அடுக்கிச் சுடுகிற நாளில் பேச்சு குறையும். மெழுகு உருகி ஓடிய அச்சில் உலோகத்தை ஊற்றுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள், செல்போனைத் தூக்காதீர்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், ஊற்றியது தவறினால் முதலிலிருந்து மெழுகு. அந்த நேரத்தில் ஒதுங்கி நிற்கத் தெரிந்தவளை அடுத்த முறை அவர்களே கூப்பிட்டு அனுப்புவார்கள்.

எனக்கு மிக நெருக்கமான சிநேகிதி கரகாட்டக்காரி. அவளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உருமி மேளத்தை நாம் பத்துமலை தைப்பூசத்தில் கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் நையாண்டி மேளத்தின் முன்னால் போய் நின்றபோது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அவள் தலையில் செம்பு வைத்து, அதற்குள் அரிசி போட்டுக் கனம் கூட்டி, உச்சியில் கிளி பொருத்தி, கையால் தொடாமல் இரவெல்லாம் ஆடுவாள். படுத்து எழுவாள், ஏணியில் ஏறுவாள், கரகம் அசையாது. ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களில் சிலர் கீழே இறங்கியதும் பேசுகிற பேச்சு வேறு. அவள் மகள் நர்சிங் படிக்கிறாள், அம்மாவின் தொழிலைக் கல்லூரியில் சொல்வதில்லை. உன்னைப் பற்றி எழுதட்டுமா என்று சிநேகிதியிடம் கேட்டேன். “எழுதுறதுன்னா எழுதுக்கா. நான் ஆடினதை மட்டும் எழுதாதே. எத்தனை மணிக்கு வேன்லேருந்து இறங்கி வந்து உலை வெச்சேன்னும் எழுது” என்றாள். என்னிடம் யாரும் இதைவிடத் தெளிவாக எழுத்தைப் பற்றிச் சொன்னதில்லை.

2020-லும் 2021-லும் பங்குனியிலிருந்து ஆடி வரை திருவிழாக்கள் நின்றுபோனபோது அவள் செங்கல் சூளைக்குப் போனாள். இப்போது திருவிழா திரும்பிவிட்டது, ஆனால் பணம் வேறு பக்கம் போகிறது. கல்யாணத்துக்குக் கேரளத்துச் செண்டை மேளம் சொல்கிறார்கள், கோயிலுக்குள் பட்டனை அமுக்கினால் அடிக்கும் மின்சார மேளத்தை மாட்டுகிறார்கள். இது என்னைக் கோபப்படுத்துகிறது. மேளத்துக்குப் பெயர் போன ஊரில், பூஜை நேரத்தில் தகர மணிக்கு நடுவே ஒரு இயந்திரம் தட்டிக்கொண்டிருக்க, பிறவியிலேயே தாளம் கற்றவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே பண விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். அரை நாள் உட்காரவைத்துக் கதை கேட்டால் அந்த அரை நாளுக்கு உரிய பணத்தை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுங்கள். கூசாதீர்கள், அவர்களும் கூச மாட்டார்கள். வெற்றிலை, சீவல், பழம், அதன் மேல் பணம் என்பது இந்த ஊருக்குப் புரிந்த மரியாதை. மலேசியாவிலிருந்து வந்தவள் என்றதும் ரிங்கிட் வெள்ளியில் சம்பாதிக்கிறவள் என்று கடன் கேட்பவர்களும் வருவார்கள். மழை மாதத்திலும் மார்கழியிலும் கேட்பது பெரும்பாலும் உண்மையான தட்டுப்பாடு. நான் கடனாகக் கொடுப்பதில்லை. முடிந்ததை, அடுத்த தையில் நம் வீட்டு விசேஷத்துக்கு வாசிக்க முன்பணம் என்று சொல்லிக் கொடுக்கிறேன். தை வந்தால் வந்து வாசித்துவிட்டுப் போகிறார்கள். மாடியில் நான் ஒருத்திதான் என்றாலும் வாசிப்பார்கள், தெருவே வந்து உட்காரும்.

இரவுப் பயணத்துக்குப் பயப்படாதீர்கள். நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மெலட்டூரில் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகம் நடக்கும். பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள், பாட்டு தெலுங்கு, பிரகலாத நாடகம் இரவைத் தாண்டிப் போகும். வங்கியிலும் அலுவலகத்திலும் வேலை பார்க்கிறவர்கள் லீவு போட்டுவிட்டு வந்து அப்பாவும் தாத்தாவும் கட்டிய வேடத்தைக் கட்டுகிறார்கள். நரசிம்மரின் முகமூடியைப் பூஜையில் வைத்திருந்து, விரதம் இருந்துதான் தலையில் ஏற்றுவார்கள். பாய் ஒன்று எடுத்துக்கொண்டு பாட்டிமார் பக்கத்தில் போய் உட்காருங்கள். தெலுங்கு தெரியாத பாட்டிகூட அடுத்த அடியை முன்னாலேயே முணுமுணுப்பார். விடிந்த பிறகு முதல் பஸ்ஸில் திரும்பலாம், உங்களோடு நாலு பேர் வருவார்கள்.

தனிமை வரும். தீபாவளி அன்று வரும், காய்ச்சலில் படுத்தால் வரும். அதைத் தாண்டுவதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: சாவு வீட்டுக்கு அழைப்பை எதிர்பார்க்காமல் போய்விடுவது. ஒரு மூத்த தவில்காரர் இறந்தபோது, அவரோடு வாசித்தவர்கள் எல்லாம் வந்து அவர் உடலுக்கு முன்னால் நின்று வாசித்தார்கள். நான் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன், பிறகு பாத்திரம் கழுவினேன். அதற்கு அப்புறம் யாரும் என்னை “மலேசியாக்காரம்மா” என்று அழைத்ததில்லை, அக்காதான்.

எப்போது வருவது? மழை முடிந்து, தை முதல் வாரம் வாருங்கள். 2028-ல் மகாமகம் வருகிறது, அது நெருங்கினால் கும்பகோணத்தில் வீடும் கிடைக்காது, வாடகையும் ஏறிவிடும். அதற்கு முன்பே வந்து இடம் பிடியுங்கள், அதுவரை என் மாடியில் ஓர் அறை இருக்கிறது. பெட்டியில் புத்தகத்தைக் குறைத்துக்கொண்டு கோடாலித் தைலம் நிறையக் கொண்டு வாருங்கள். தவில்காரர்களுக்குத் தோளும் மணிக்கட்டும் வலிக்காத நாளே கிடையாது, இங்கே எல்லாரும் கேட்பது அதைத்தான். கரகாட்டக்காரிக்குக் கழுத்துக்கும் வேண்டும், அவளுக்கென்று தனியாக ஒரு பாட்டில்.

அன்புடன்,
அக்கா