தீபாவளி வாரத்தில் விருந்தும் விரதமும் அடுத்தடுத்து வந்தால் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். கேள்வியைப் படித்ததும் எனக்கு 2024 தீபாவளிதான் ஞாபகம் வந்தது. அந்த வருடம் அக்டோபர் 31, வியாழக்கிழமை தீபாவளி. மறுநாள் அமாவாசை. தமிழக அரசு அந்த வெள்ளிக்கிழமையையும் விடுமுறையாக்கி, அதற்குப் பதிலாக நவம்பர் 9 சனிக்கிழமையை வேலை நாளாக வைத்தது. நவம்பர் 2 சனிக்கிழமை கந்த சஷ்டி விரதம் ஆரம்பம். நவம்பர் 7 வியாழக்கிழமை திருச்செந்தூரில் சூரசம்ஹாரம். வியாழன் தொடங்கி வியாழன் வரை எட்டு நாள். இதற்குள் ஆவணியில் கல்யாணம் முடிந்த என் மகளுக்குத் தலை தீபாவளி, அவள் புகுந்த வீட்டுக் கேதார கௌரி நோன்பு, என் மாமனாருக்குத் தர்ப்பணம், என் மாமியாருக்கு ஆறு நாள் விரதம். வீட்டில் 14 பேர்.

எப்படிச் சமாளித்தேன் என்று சொல்வதற்கு முன்னால், அதற்கு முந்தின வருடத்தைச் சொல்ல வேண்டும். 2023-இல் நவம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை தீபாவளி வந்தது. என் மகள் எங்கள் வீட்டுப் பெண்ணாக மட்டும் இருந்த கடைசி தீபாவளி அது. அதிகாலை மூன்று மணிக்கு அடுக்களைக்குள் போனவள் மத்தியானம்தான் வெளியே வந்தேன். அவள் தலையில் யார் எண்ணெய் வைத்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. என்ன நிறத்தில் புடவை கட்டினாள் என்பதை ராத்திரி போனில் வந்த படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் 2024-இல் மூன்று இடங்களில் நான் அடுப்படியில் இருக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஒன்று, வியாழன் காலை எண்ணெய்க் குளியல். இரண்டு, வெள்ளிக்கிழமை நோன்பு. மூன்று, சூரசம்ஹாரம். மற்ற வேலைகளை எல்லாம் இந்த மூன்றுக்கும் இடம் விடுகிற மாதிரி நகர்த்தினேன்.

முதல் சிக்கல் நோன்பு. எங்கள் பக்கத்தில் கௌரி நோன்பு பெரிதாகக் கிடையாது. சம்பந்தி வீடு இருக்கிற வேலூர் பக்கம் அது இல்லாமல் தீபாவளியே இல்லை. 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 மஞ்சள் வைத்துப் படைத்து, நோன்புக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். புது மருமகளுக்கு மாமியார் கையால் நோன்பு எடுத்துக் கொடுப்பது அவர்களுக்கு முக்கியம். தலை தீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கே, நோன்பு மறுநாள் அங்கே என்றால், பிள்ளைகள் தீபாவளி ராத்திரி முழுக்கப் பயணத்தில் கழிக்க வேண்டும். நான் சம்பந்தியம்மாவுக்கு போன் போட்டு, "மதினி, நீங்களும் அண்ணாச்சியும் இங்கேயே வந்திருங்க, நோன்பை நம்ம வீட்டிலேயே எடுப்போம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதிரச மாவை நான் கொண்டு வரேன் அண்ணி" என்றார். அவர்கள் ஊரில் அண்ணி, எங்கள் ஊரில் மதினி, இரண்டும் ஒரே உறவுதான்.

இந்த மாவு விஷயத்தை இதே நிலையில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் கொஞ்சம் இருக்கும்போதே இடித்துச் சலித்து, வெல்லப் பாகில் கிளறி வைப்பார்கள். பாகு தண்ணீரில் விட்டால் கரையாமல் உருட்ட வர வேண்டும். கிளறிய மாவு இரண்டு மூன்று நாள் இருந்தால்தான் பதமாகும். அதனால் அது பயணம் செய்யத் தோதான பலகாரம். சம்பந்தியம்மா அதை ஒரு தூக்குவாளியில் வைத்து, ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டு வந்தார். ரயில் டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை: அப்போது 120 நாளுக்கு முன்பே முன்பதிவு செய்ய முடிந்தது. 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். பண்டிகைக்கு ஆள் வருவதாக இருந்தால் அந்த 60-ஆவது நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

பலகாரத்தில் வீட்டில் செய்தது முந்திரிக்கொத்து ஒன்றுதான். பாசிப்பயறை வறுத்துப் பொடித்து, வெல்லப் பாகும் தேங்காயும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரித்தெடுப்பது. தேங்காயை ஈரம் போக வறுத்துப் போட்டால் பத்து நாளுக்கு மேல் கெடாது. திங்கட்கிழமையே செய்து முடித்துவிட்டேன். முறுக்கும் மைசூர்பாகும் கடையில் வாங்கியது. அல்வாவை எப்படியும் டவுனில்தான் வாங்குவோம். நாத்தனார் தூத்துக்குடியிலிருந்து லேகியம் கிளறிக் கொண்டு வந்தார்.

வியாழன் காலை நான்கு மணிக்கு அத்தை மனைப்பலகையைப் போட்டார். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மிளகும் ஓமமும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். மாப்பிள்ளையும் மகளும் முதலில் உட்கார்ந்தார்கள். அத்தை வைத்த பிறகு நானும் வைத்தேன். அவள் உச்சந்தலையில் கை வைத்தபோது கல்யாணத்தன்று வராத அழுகை அன்றைக்கு வந்தது. நிதானமாக எண்ணெய் தேய்த்துவிட்டேன். இட்லிக்குத் தட்டு வைத்தது கொழுந்தன் மனைவி, கறிக்கடையில் நின்றது கொழுந்தன். சின்னப் பிள்ளைகள் ஆறு மணிக்குத் தயாராக இருந்தார்கள். வெடி வெடிக்கக் காலையில் ஆறு முதல் ஏழு வரைதான் அனுமதி. அந்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்றோம். முன்பெல்லாம் ஆளுக்கொரு நேரத்தில் எழுந்து வெடிப்போம். இப்போது சேர்ந்து நிற்கிறோம். எனக்கு இது பிடித்திருக்கிறது.

இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் காலையோடு சரி. பிற்பகலுக்கு மேல் அமாவாசை பிறந்துவிட்டதால் அதன் பிறகு கறி இல்லை. பாத்திரங்களை விளக்கி எடுத்து வைத்து, சாயங்காலமே அடுக்களையைக் கழுவிவிட்டோம். இங்கேதான் ஒரு வருத்தம் எழுந்தது. "தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு ஒருவேளைதான் கறியா?" என்று உறவில் ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வேலூர் பக்கத்து வழக்கத்தில் மாப்பிள்ளை விருந்து என்றால் கறிதான். ஆனால் திருநெல்வேலியில் மாப்பிள்ளைக்கென்றே ஒரு சைவ விருந்து இருக்கிறது, சொதி. கல்யாணம் முடிந்ததும் மறுவீட்டு விருந்தில் போடுவது. கல்யாணத்தின்போது அவசரத்தில் அதை ஒழுங்காகச் செய்யவில்லை என்ற குறை எனக்கும் இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் சொதி.

விருந்துக்கும் விரதத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களுக்கு சொதியைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தேங்காய்ப் பாலை மூன்று தடவை பிழிந்து தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் வேக வேண்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்றி, வறுத்து வேகவைத்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் சேர்த்து ஒரு கொதி. கடைசியில் முதல் பால். அதை ஊற்றிய பிறகு கொதிக்க விடக் கூடாது, திரிந்துவிடும். நுரை கட்டும்போதே இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்ததும் எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் எதுவும் வேண்டாம். 14 பேருக்கு ஒரே குழம்பு. தேங்காய் துருவுவதுதான் பெரிய வேலை, அதை ஆண்கள் நால்வரிடம் கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். "அத்தை, இதை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்க" என்று அவர் கேட்டபோது, கறி கேட்ட அந்தப் பெரியவரும் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தார்.

அன்று காலையிலேயே என் கணவரும் கொழுந்தனும் குறுக்குத்துறையில் தாமிரபரணியில் முழுகி, மாமனாருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். சாயங்காலம் நோன்பு. சம்பந்தியம்மா எங்கள் அடுப்பில் அதிரசம் சுட்டார், நான் பக்கத்தில் நின்று எண்ணெய் பிழிந்து எடுத்துக் கொடுத்தேன். 21 எண்ணி முறத்தில் அடுக்கினோம். அவர் என் மகள் கையில் கயிறு கட்டிவிட்டு, இன்னொரு கயிற்றை எடுத்து என்னைப் பார்த்தார். "உங்க வழக்கத்துல இல்லன்னா வேணாம் அண்ணி" என்றார். நான் கையை நீட்டினேன்.

சனிக்கிழமை எங்கள் அடுத்த வீட்டுக்காரர்களுக்குக் கல்லறைத் திருநாள். தீபாவளியன்று எங்கள் பலகாரத்தட்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தது. அன்று சாயங்காலம் அவர்கள் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பியபோது, எங்கள் வாசலில் பூத்திருந்த செவ்வந்தியைப் பறித்து மகளிடம் கொடுத்தனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் எல்லாரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஐப்பசி ஈரத்தில் காயாத துண்டுகள் கொடி முழுக்கத் தொங்கின. திங்கட்கிழமை நான் ஒன்றும் செய்யவில்லை. இப்படி ஒரு நாளை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் உடம்பு தானாகவே ஒதுக்கிக்கொள்ளும்.

அத்தைக்கு 74 வயது. முன்பெல்லாம் ஆறு நாளும் திருச்செந்தூரிலேயே தங்கி விரதம் இருப்பார். முட்டி வலி வந்த பிறகு வீட்டில் இருந்து, கடைசி நாள் மட்டும் போகிறார். மாத்திரை போடுகிறவர் என்பதால் டாக்டரைக் கேட்டு மத்தியானம் ஒருவேளைச் சாப்பாடு, ராத்திரி பாலும் பழமும் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வருடமும் தெருப் பெண்களோடு அவர் கிளம்பும்போது நான் வீட்டை ஒதுக்கிக்கொண்டிருப்பேன். திருச்செந்தூர் இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். கல்யாணமாகி 28 வருடத்தில் ஒரு தடவைகூட நான் சூரசம்ஹாரம் பார்த்ததில்லை.

நவம்பர் 7 காலை ரயிலில் ஸ்ரீவைகுண்டம், நாசரேத், குரும்பூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கூட்டம் ஏறியது. கடற்கரையில் நிற்க இடம் பிடிப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது. நான்கு மணிக்கு மேல் முருகனின் உற்சவரான ஜெயந்திநாதர் எழுந்தருளினார். யானை முகத்தோடு வந்த சூரன் விழுந்தான், சிங்க முகத்தோடு வந்தவன் விழுந்தான், தன் முகத்தோடு வந்தவனும் விழுந்தான். கடைசியில் மாமரமும் சேவலும். ஒவ்வொரு தடவை வேல் பாய்ந்தபோதும் அரோகரா என்ற சத்தம் கடலிலிருந்தே வருகிற மாதிரி இருந்தது. அத்தை என் கையை விடவே இல்லை. "ஏளா, இத்தன வருசத்துல நீ இதப் பாத்ததே இல்லியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

கடலில் முழுகிவிட்டு ஈரப் புடவையோடு மணலில் உட்கார்ந்தோம். பையில் ஒரு சம்படத்தில் தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை சுட்ட முந்திரிக்கொத்து கொஞ்சம் மிச்சம் இருந்தது. அத்தை அதில் ஒன்றைப் பிட்டு, பாதியை என் கையில் வைத்துவிட்டுத்தான் விரதத்தை முடித்தார்.