ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் படக்கதைப் புத்தகங்கள் படிக்கவைத்து, பிடித்த புத்தகத்துக்கு ஓட்டுப் போடச் சொல்ல நினைக்கிறோம். ஓட்டுப் பெட்டி, சீட்டு எல்லாம் எப்படிச் செய்வது?

பெட்டி கடைசி வேலை, அதற்குச் செருப்பு டப்பா போதும். இந்த மாதிரி நிகழ்ச்சி கெடுவது ஓட்டு நாளன்று இல்லை, இரண்டு வாரம் முன்னாலேயே. பதினைந்து புத்தகத்தை மேசையில் பரப்பி, "பிடிச்சதை எடுத்துப் படிங்க, வெள்ளிக்கிழமை ஓட்டு" என்று சொல்லிவிடுகிறோம். ஒரு பிள்ளை இரண்டைப் புரட்டியிருக்கும், மூன்றாவதன் அட்டையை மட்டும் பார்த்திருக்கும். அப்புறம் விழுவது அட்டைக்கான ஓட்டு.

நீங்கள் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர், முப்பது பிள்ளைகள், அதில் பாதிப் பேர் இன்னும் அரும்பு நிலை, அதாவது எழுத்துப் பழகும் தொடக்க நிலை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தனியார் பள்ளி என்றால் அச்சடிக்கும் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

ஐந்து புத்தகம் போதும். பத்துப் பள்ளி நாள், நாளுக்கு ஒரு புத்தகம் சத்தமாக வாசிப்பு, ஆக ஒவ்வொன்றும் இரண்டு முறை. ஒரு தடவை கேட்ட கதையில் சின்னப் பிள்ளை முடிவை மட்டும்தான் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் முறைதான் படத்தின் மூலையில் ஒளிந்திருக்கும் பூனையைப் பார்க்கும். பிரான்சில் 1988 முதல் பள்ளிப் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தரும் ஒரு புத்தகப் பரிசு உண்டு. அதன் பெயருக்கு அர்த்தமே 'விலைக்கு வாங்க முடியாதவர்கள்'. பட்டியலில் உள்ள எல்லாப் புத்தகத்தையும் படித்தவருக்குத்தான் ஓட்டு என்பது அங்கே அடிப்படை விதி. அந்த ஒரு விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு ஓர் அட்டை கொடுங்கள், ஐந்து கட்டம் போட்டு. கேட்ட புத்தகத்துக்கு எதிரே அதுவே ஒரு சின்னப் படம் வரையட்டும். அன்றைக்கு வராத பிள்ளைக்கு மறுநாள் சத்துணவு முடிந்த பத்து நிமிடத்தில் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். இதைத் தள்ளிப் போட்டால் ஓட்டு நாள் காலையில் ஏழெட்டு அட்டை அரைகுறையாக நிற்கும், பாவம் பார்த்து எல்லாரையும் விட்டுவிடுவீர்கள்.

புத்தகம் எடுக்கும்போது ஒரே அளவில் எடுங்கள். நான்கு சின்னது, ஒன்று பெரியது என்றால் பெரியதுதான் ஜெயிக்கும். நான்கு வண்ணத்தில் இருந்து ஒன்று மட்டும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் என்றால் அது தோற்கும், கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும். டிவியில் வரும் பாத்திரம் உள்ள புத்தகத்தைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஐந்தும் யானைக் கதையாக இருக்க வேண்டாம். சிரிப்பு ஒன்று, கொஞ்சம் பயம் ஒன்று, பேச்சே இல்லாமல் படம் மட்டும் ஒன்று, இப்படிக் கலந்தால்தான் பிள்ளையின் ருசி தெரியும்.

கையில் புத்தகம் இல்லையென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இறக்கலாம், அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. அங்கே கதைகளை வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருப்பார்கள்: முதல் நிலை 250 வார்த்தைக்குள், இரண்டாம் நிலை 600 வரை. இந்த வயதுக்கு அதற்கு மேல் போக வேண்டாம். ஏ4 தாளை மடித்துப் புத்தகமாக்கினால் ஒரு தாளுக்கு நான்கு பக்கம், ஆக 24 பக்கத்துக்கு ஆறு தாள். பக்கம் நான்கால் வகுபடாவிட்டால் கடைசியில் வெள்ளைப் பக்கம் வரும், வரட்டும். பிரிண்டிங் கடையில் 'புக்லெட்' என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் பக்க வரிசை மாறி வரும். சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்புவரை எட்டாது. கோணி ஊசியால் மூன்று ஓட்டை போட்டு நூலால் தைத்தால் ஒரு வருடம் தாங்கும்.

வாசிக்கும்போது முப்பது பேரையும் ஒன்றாக உட்காரவைத்தால் பின்வரிசைக்குப் படம் தெரியாது. பதினைந்து பதினைந்தாகப் பிரியுங்கள். புத்தகத்தைத் தோள் பக்கமாகத் திறந்து பிடித்து, பக்கம் திருப்பியதும் வாயை மூடிக்கொண்டு ஐந்து எண்ணுங்கள். படம் பார்க்க அந்த நேரம் வேண்டும். மொழிபெயர்ப்புகளில் "அவன் மிகவும் மகிழ்ச்சியடைந்தான்" என்று விறைப்பாக எழுதியிருப்பார்கள். "அவனுக்கு ஒரே குஷி" என்று மாற்றி வாசித்தால் குற்றமில்லை. ஆனால் ஐந்துக்கும் அந்தத் தாராளத்தைக் காட்டுங்கள். உங்களுக்குப் பிடித்த புத்தகத்துக்கு மட்டும் குரல் மாற்றி நடித்தால் அங்கேயே தேர்தல் முடிந்தது.

கடைசியில் வாசித்த புத்தகத்துக்கு எப்போதும் கூடுதலாக விழும். அதனால் இரண்டாம் சுற்றில் வரிசையைத் தலைகீழாக்குங்கள், ஓட்டுக்கு முன்னால் ஒரு நாள் எதையுமே வாசிக்காமல் விடுங்கள்.

இனி ஓட்டு. மூன்றாம் வகுப்புக்குச் சீட்டு சரிப்படும். ஏ4 தாளை நாலாக வெட்டி, ஐந்து கதையிலிருந்தும் ஒரு பொருளைப் பெரிதாக வரைந்துவிடுங்கள்: குடை, தவளை, சைக்கிள் மாதிரி. அட்டைப் படத்தையே சிறிதாக்கி ஜெராக்ஸ் போட்டால் எல்லாம் ஒரே கரியாகத் தெரியும். மேலே இருக்கும் படத்துக்கு டிக் அதிகம் விழும் என்பதால் பாதிச் சீட்டில் வரிசையை மாற்றுங்கள். ஒன்றும் இரண்டும் சீட்டில் தடுமாறும். ஐந்துக்குமே டிக் போட்டுவிட்டு "மத்த புத்தகம் பாவம்ல" என்று நிற்கும். அவர்களுக்கு ஆளுக்கு ஒரே ஒரு புளியங்கொட்டை. ஐந்து டப்பா, மூடியில் இரண்டு சென்டிமீட்டர் கீறல், மேலே அந்தந்தப் புத்தகம். கண்ணாடி ஜாடி வேண்டாம், நிறைந்திருக்கும் ஜாடியிலேயேதான் அடுத்த பிள்ளையும் போடும். டப்பாவுக்கு உள்ளே அடியில் துணி விரியுங்கள். கொட்டை விழும் சத்தத்தை வைத்தே வெளியே வரிசையில் நிற்பவர்கள் எந்த டப்பா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பெஞ்சைச் சாய்த்து வேட்டி கட்டி மறைத்து, ஒவ்வொருவராக விடுங்கள். முப்பது பேருக்கு அரை மணி நேரம் ஆகும்.

முந்தின நாள் வாழைப்பழமா கொய்யாவா என்று ஒரு ஒத்திகை ஓட்டு நடத்திவிடுங்கள். ஒன்றுதான், யாரிடமும் சொல்லக்கூடாது என்ற இரண்டும் அதிலேயே பழகிவிடும்.

விரல் மை கட்டாயம் கேட்பார்கள். புத்தகத்தைவிட மைக்குத்தான் மவுசு. தேர்தலில் வைக்கும் மையில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது, அது நமக்கு வேண்டாம். ஊதா ஸ்கெட்ச் பேனாவால் இடது ஆள்காட்டி விரல் நகத்தில் ஒரு கோடு போதும். சாயங்காலம் வீட்டில் அம்மா "என்னடா இது" என்று கேட்க வேண்டும், அதற்குத்தான்.

தயவுசெய்து இதற்குக் குடவோலை என்று பெயர் வைக்காதீர்கள். உத்திரமேரூர் கல்வெட்டில் இருப்பது ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன முறை. அது குலுக்கல். இங்கே பிள்ளை தானே தேர்ந்தெடுக்கிறது.

எண்ணுவதைப் பிள்ளைகள் முன்னால் தரையில் செய்யுங்கள். டப்பாவுக்கு ஒரு வரிசையாகக் கொட்டைகளை ஒரே இடைவெளியில் அடுக்கினால் எது நீளம் என்று ஒன்றாம் வகுப்பே சொல்லிவிடும், கணக்குப் பாடமும் முடிந்தது. சமமாக வந்தால் இரண்டும் ஜெயித்ததுதான், மறு ஓட்டு வேண்டாம். "ஏன் பிடிச்சுது?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருந்துச்சு" என்ற பதில்தான் வரும். "எந்தப் பக்கம்? எடுத்துக் காட்டு" என்று கேளுங்கள். விரல் நேரே ஒரு படத்தில் போய் நிற்கும், பேச்சு தானாக வரும்.

இதெல்லாம் போட்டி மனப்பான்மையை வளர்க்கும் என்று கீழே யாராவது எழுதுவார்கள். போட்டி புத்தகங்களுக்குள்தான், தோற்ற புத்தகம் அழாது. எழுத்துக் கூட்டவே தெரியாதவனுக்கு ஓட்டு எதற்கு என்றும் கேட்பார்கள். அவனுக்குக் கதை கேட்கத் தெரியும், படம் பார்க்கத் தெரியும். அது போதாதா?

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். முடிந்ததும் ஃபிளெக்ஸ் முன்னால் நின்று போட்டோ, வாட்ஸ்அப் குழுவில் பதிவு, அன்று மாலையே ஐந்து புத்தகமும் பீரோவுக்குள். கேட்டால், கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்கிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை, ஆசிரியர் கைக்காசு போட்டு ஈடுகட்டும் இடங்கள் உண்டு. ஆனால் புத்தகம் கிழியத்தான் செய்யும், ஆறு வயதுக் கை அப்படி. ஜன்னல் கம்பியிலிருந்து கம்பிக்குச் சணல் கட்டி, புத்தகங்களை நடுப்பக்கம் விரித்துப் பிள்ளை கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். கிழிந்ததற்குச் செல்லோடேப் வேண்டாம், நாளடைவில் மஞ்சளாகித் தாளையும் சேர்த்துப் பிய்த்துவிடும். மெல்லிய வெள்ளைத் தாளை விரலகலத்துக்கு வெட்டி மைதாப் பசையில் ஒட்டி, ஒரு ராத்திரி பாரம் வைத்து எடுங்கள். பசையில் சிட்டிகை மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது, ஆனால் அது விஷம். பசை காய்ச்சுவதும் ஒட்டுவதும் பெரியவர்கள் வேலையாகவே இருக்கட்டும். புத்தகம் பிள்ளைகள் கையில் திரிவதால் மயில்துத்தம் இல்லாமல் ஒட்டுவதே மேல்.