பழைய பைக்குக்கு முன் ஃபோர்க் ஸ்பிரிங்: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். என் எடை 92 கிலோ. முன் பிரேக் பிடித்தால் வண்டி அப்படியே மூக்கைக் குத்துகிறது, வேகத்தடையில் இறங்கும்போது ‘டக்’கென்று அடிதட்டுகிறது. ‘ஹெவி டியூட்டி’ ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று மெக்கானிக் சொல்கிறார், கடையில் ஒரு ஜோடி எடுத்தும் வைக்கச் சொல்லிவிட்டார். வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: இன்றைக்கு வாங்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, உங்கள் எடைக்குக் கடைசியில் அது தேவைப்படலாம். ஆனால் இப்போது இருக்கும் கோளாறு வயசால் வந்ததா, எடையால் வந்ததா என்று பிரித்துப் பார்க்காமல் வாங்கினால் காசு கொடுத்தும் பாதிதான் சரியாகும்.

முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள்தான் ஃபோர்க், அதற்குள் இருக்கும் பழைய ஸ்பிரிங் ‘தளர்ந்துவிட்டது’ என்று எல்லோரும் சொல்கிறோம். ஒரு ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு என்பதை முடிவு செய்வது கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை, எஃகின் தன்மை, இவ்வளவுதான். துரு பிடித்துக் கம்பி தேய்ந்தால் ஒழிய இதில் எதுவும் முப்பது வருடத்தில் மாறாது. மாறுவது நீளம். வருடக்கணக்காக அழுந்தியே இருந்ததால் ஸ்பிரிங் கொஞ்சம் குட்டையாகிவிடும், அதனால் வண்டியின் முன்பக்கம் முன்பைவிடத் தாழ்வாக உட்காரும், மிச்சமிருக்கும் பயணம் (ஃபோர்க் அழுந்தக்கூடிய தூரம்) குறையும், சின்னக் குழிக்கே அடிதட்டும். இது வயசுக் கோளாறு. இதற்கு அதிக விறைப்புள்ள ஸ்பிரிங் தேவையில்லை. ஒரிஜினல் அளவில் புதியது, அல்லது குறைந்த நீளத்துக்கு ஈடாக ஒரு ஸ்பேசர் (ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கும் பைப் துண்டு) போதும்.

எடைக் கோளாறு வேறு. ஆர்எக்ஸ் 100 சுமார் நூறு கிலோதான் இருக்கும், ஓட்டுபவர் அறுபது கிலோவா தொண்ணூறு கிலோவா என்பது அந்த வண்டிக்குப் பெரிய வித்தியாசம். இதே முப்பது கிலோவை ஒரு புல்லட் அவ்வளவாக உணராது. அதனால் உங்கள் விஷயத்தில் இரண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் ஃபோர்க் ஆயிலையும் ஆயில் சீலையும் மாற்றுங்கள். பழைய வண்டிகளில் எஞ்சின் ஆயிலை மாற்றுவார்கள், ஃபோர்க் ஆயிலை யாரும் தொடுவதே இல்லை. சீல் கசிந்து கசிந்து உள்ளே அளவு குறைந்திருக்கும், இருப்பதும் கறுப்பாக உலோகத் தூளோடு வரும். ஃபோர்க்குக்குள் ஆயிலுக்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங் மாதிரிதான் வேலை செய்கிறது, ஆயில் குறைந்தால் அந்த இடம் பெரிதாகி, பயணத்தின் கடைசிப் பகுதியில் கிடைக்க வேண்டிய தாங்குதல் போய்விடும். உங்கள் ‘டக்’ சத்தத்தில் பாதி இங்கேயே தீர்ந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஃபோர்க்கைக் கழற்றும்போதே ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து எழுதி வையுங்கள், சர்வீஸ் மேனுவலில் போட்டிருக்கும் நீளத்தோடு ஒப்பிட்டால் வயசு எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியும்.

அப்புறம் அளந்து பாருங்கள், இதற்குக் காசே வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி, ஃபோர்க் முழுசாக நீண்டிருக்கும்போது பைப்பில் ஒரு இடத்திலிருந்து அச்சு வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, நீங்கள் வழக்கமாக ஓட்டும் உடையோடு ஏறி உட்காருங்கள், ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ள இன்னொருவர் அதே அளவை எடுக்கட்டும். சீல் உராய்வால் அளவு மாறும், ஆகவே ஒரு முறை முன்பக்கத்தை அழுத்தி மெதுவாக விட்டும், ஒரு முறை தூக்கி மெதுவாக விட்டும் எடுத்துச் சராசரி பாருங்கள். முதலில் எடுத்த அளவுக்கும் இந்தச் சராசரிக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக், அதாவது நீங்கள் உட்கார்ந்ததும் முன்பக்கம் இறங்கும் தூரம். சாலையில் ஓட்டும் வண்டிக்கு அது மொத்தப் பயணத்தில் கால் பங்கிலிருந்து முப்பது சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பயணம் 110 மி.மீ. என்றால் சுமார் 28 முதல் 33 மி.மீ. அதைத் தாண்டி எங்கேயோ போகிறது, ஸ்பேசர் போட்டு அதைச் சரிக்குக் கொண்டுவந்தால் ஆள் இல்லாத வண்டி முன்பக்கம் கொஞ்சமும் இறங்காமல் விறைத்து நிற்கிறது என்றால், ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மையானது என்று அர்த்தம். அப்போது மாற்றுங்கள்.

கேள்வி: ‘ஹெவி டியூட்டி’, ‘ஸ்போர்ட்ஸ்’, ‘ப்ரோக்ரெசிவ்’ என்று பல பெயரில் விற்கிறார்கள். எதை நம்பி வாங்குவது? (வாசகர், மதுரை)

பதில்: பெயரை நம்பி எதையும் வாங்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். ஒரு மில்லிமீட்டர் அழுத்த எத்தனை நியூட்டன் விசை தேவை என்பதுதான் அந்த எண். சிலர் கிலோவில் சொல்வார்கள், 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷனையே தொழிலாகச் செய்கிறவர்கள், ஸ்வீடனின் ஓலின்ஸ் ஆகட்டும், தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் ஆகட்டும், எண்ணை வைத்துத்தான் பேசுவார்கள். நம் ஊர்ப் பழைய கம்யூட்டர் வண்டிகளுக்கு அப்படிப்பட்ட ஸ்பிரிங் கிடைப்பது அரிது, பெரும்பாலும் பட்டறையில் சுற்றியதோ வேறு வண்டியினுடையதோதான் வரும். அதில் தப்பில்லை. ஆனால் ‘இது எவ்வளவு விறைப்பு’ என்று கேட்டால் ‘நல்லா டைட்டா இருக்கும் சார்’ என்பதுதான் பதில் என்றால் அந்தக் கடையிலிருந்து கிளம்பிவிடுங்கள்.

கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நீங்களே கண்டுபிடிக்கலாம். வெர்னியர் அளவுகோலால் கம்பியின் தடிமனையும் சுருளின் வெளி விட்டத்தையும் அளந்து, வெளி விட்டத்திலிருந்து ஒரு கம்பித் தடிமனைக் கழித்தால் சராசரி விட்டம். இரு முனையிலும் ஒட்டி நிற்கும் சுருளை விட்டுவிட்டு மற்றதை எண்ணுங்கள். கம்பித் தடிமனை நான்கு முறை பெருக்கி (4 மி.மீ. என்றால் 4×4×4×4 = 256), அதை 79,000-ஆல் பெருக்குங்கள். கீழே 8, சராசரி விட்டத்தை மூன்று முறை பெருக்கியது, சுருள் எண்ணிக்கை மூன்றையும் பெருக்கி அதனால் வகுங்கள். கம்பி 4 மி.மீ., சராசரி விட்டம் 24 மி.மீ., சுருள் 40 என்றால் கிடைப்பது மில்லிமீட்டருக்குச் சுமார் 4.6 நியூட்டன்.

இதில் கவனிக்க வேண்டியது, கம்பித் தடிமன் நான்கு முறை பெருக்கப்படுவது. 4 மி.மீ. கம்பி 4.1 ஆனால் விறைப்பு பத்து சதவீதம் கூடுகிறது, 4.2 ஆனால் சுமார் இருபத்திரண்டு. கண்ணுக்கு ‘கொஞ்சம் தடிமன்’ என்று தெரிகிற ஸ்பிரிங் உண்மையில் ஒன்றரை மடங்கு விறைப்பாக இருக்கலாம், அதைப் போட்டால் குழி எல்லாம் நேராகக் கைக்கு வரும், ஈர ரோட்டில் முன் டயர் தரையைப் பிடிக்காமல் துள்ளும். பழையதைவிடப் பத்திலிருந்து இருபது சதவீதம் கூடுதல், அதற்கு மேல் போகாதீர்கள்.

கணக்கு வேண்டாம் என்றால் லேத் பட்டறையின் டிரில்லிங் மெஷினில் கீழே ஒரு எடை மெஷினை வைத்து, ஸ்பிரிங் வளையாமல் உள்ளே ஒரு கம்பியைக் கொடுத்து, 50 மி.மீ. அழுத்திக் கிலோவைப் படியுங்கள். 23 கிலோ காட்டினால் மில்லிமீட்டருக்கு 0.46 கிலோ. பழையதையும் புதியதையும் ஒரே மாதிரி அளந்தால் வித்தியாசம் கையில் இருக்கும். ஜோடியில் இரண்டையும் அளக்க மறக்காதீர்கள்.

ப்ரோக்ரெசிவ் பற்றி: ஒரு பக்கம் சுருள் நெருக்கமாகவும் மறுபக்கம் விலகியும் இருக்கும், நெருக்கமானவை முதலில் மூடிக்கொள்ள, அழுத்த அழுத்த விறைப்பு கூடும். தனியாகவும் ஜோடியாகவும் மாறி மாறி ஓட்டும் வண்டிக்கு அது வசதி என்பார்கள், உண்மைதான். இருந்தாலும் ஒரே ஆள் ஓட்டும் பழைய வண்டிக்கு ஒரே சீரான ஸ்பிரிங்கையே நான் சொல்வேன், அளக்கவும் சரிசெய்யவும் எளிது. பின்னால் உட்காருபவரின் எடை பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் இறங்குகிறது, அதற்காக முன் ஸ்பிரிங்கைக் கடினமாக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் 1998 புல்லட் 350-க்கு ஸ்பிரிங் மாற்றத் தேவையில்லை, மேலே பிவிசி பைப் துண்டு வைத்தால் போதும், அல்லது கெட்டியான ஆயில் ஊற்றினால் போதும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (வாசகர், திருச்சி)

பதில்: இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. பைப் துண்டு ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கிறது, அதனால் வண்டி உயரமாக நிற்கும், ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு ஒரு துளியும் கூடாது. வயசுக் கோளாறுக்கு இது நல்ல வைத்தியம், செலவும் இல்லை. வெட்டிய முனை சதுரமாக இருக்கட்டும், ஸ்பிரிங்குக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு எஃகு வாஷர் கட்டாயம், இல்லாவிட்டால் கம்பி முனை பிளாஸ்டிக்கைக் குடைந்து தூளை ஆயிலில் கலக்கும். பைப்பை ரொம்ப நீளமாக வெட்டினால் ஃபோர்க் முழுப் பயணம் போகும் முன்பே சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும்.

கெட்டி ஆயில் வண்டியின் எடையைத் தாங்காது, அசைவின் வேகத்தைத்தான் கட்டுப்படுத்தும். பழைய வகை ஃபோர்க்கில் ஆயில் சின்ன ஓட்டைகள் வழியாகப் போக வேண்டும், வேகமாக அடி விழும்போது கெட்டி ஆயில் போக வழியில்லாமல் அந்த அடியைக் கைக்கே அனுப்பிவிடும். விறைப்பான ஸ்பிரிங் போட்டால் அது திரும்பி நீளும் வேகத்தை அடக்க ஆயிலை ஒரு படி ஏற்றலாம், 10டபிள்யூ இருந்த இடத்தில் 15டபிள்யூ மாதிரி (எண் ஏற ஏற ஆயில் கெட்டி). ஒரு பிராண்டின் 10டபிள்யூவும் இன்னொன்றின் 10டபிள்யூவும் ஒரே கெட்டி இல்லை, எனவே ஒரே பிராண்டுக்குள் ஏற்றுங்கள்.

சிலர் ஸ்பிரிங்கில் நாலு சுருளை வெட்டிவிட்டு பைப்பை நீளமாக வைப்பார்கள். சுருள் குறைந்தால் விறைப்பு கூடும் என்பது சரியான கணக்குதான், நாற்பதில் நாலு போனால் சுமார் பதினோரு சதவீதம். ஆனால் வெட்டிய முனையைத் தட்டையாக்கித் தேய்க்காமல் அப்படியே வைத்தால் ஃபோர்க் பைப்பின் உள்பக்கத்தைக் கீறும். வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது, எனவே ஒரிஜினலை வெட்டாதீர்கள், வேறு ஜோடி வாங்கி அதை வெட்டுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ‘ஆர்எக்ஸ் 100-க்கு நேரடியாகப் பொருந்தும்’ என்று போட்ட ஸ்பிரிங்கை வாங்கினேன். பழையதைவிட 3 செ.மீ. நீளம், மேல் மூடியைப் பூட்டவே முடியவில்லை. ‘ஸ்பேர் பாகங்களுக்கு ரிட்டர்ன் இல்லை’ என்கிறார் விற்றவர். (வாசகர், திருநெல்வேலி)

பதில்: முதலில் ஒன்றைப் பாருங்கள், பழைய ஸ்பிரிங்கோடு ஸ்பேசர் ஏதாவது இருந்து, அதையும் சேர்த்துப் பூட்டப் பார்த்தீர்களா? நீளமான ஸ்பிரிங்குக்கு ஸ்பேசரை எடுத்துவிட வேண்டியிருக்கும். அதை எடுத்தும் பொருந்தவில்லை என்றால் உங்கள் பக்கம் நியாயம் தெளிவாக இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்க முடியாது. ‘ரிட்டர்ன் இல்லை’ என்று அவர் எழுதி வைத்திருந்தாலும் இந்த விதிதான் செல்லும்.

விளம்பரப் பக்கம் மாறும் முன் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். இரண்டு ஸ்பிரிங்கையும் அளவுகோலோடு பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், தயாரித்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம் அதில் அச்சிட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஒரு குறை. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள், 48 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால், விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் வரை நேரம் உண்டு. பூட்டிப் பார்க்கிறேன் என்று ஸ்பிரிங்கை வெட்டியோ தேய்த்தோ விடாதீர்கள், அப்படிச் செய்தால் இவ்வளவும் வீண்.

கேள்வி: ஸ்பிரிங்கை நானே மாற்றலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மாற்றலாம், மேல் மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அழுந்தி இருக்கிறது என்பதை மட்டும் ஒரு நொடியும் மறக்கக் கூடாது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, மூடியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டை முதலில் தளர்த்துங்கள், அப்புறம் மூடியைக் கையால் அழுத்திக்கொண்டே கடைசித் திருகைக் கழற்றுங்கள், முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம். ஆயில் அளவை ஸ்பிரிங் வெளியே இருக்கும்போது, ஃபோர்க்கை முழுசாக அழுத்தி வைத்து, மேல் விளிம்பிலிருந்து அளந்து இரண்டு பக்கமும் ஒன்றாக்குங்கள். பைப்பில் சீல் ஓடும் இடத்தில் துருப் புள்ளி இருந்தால் புது சீலும் சீக்கிரமே கசியும், அதற்கு ஹார்டு குரோம் (கெட்டியான குரோம் பூச்சு) செய்வதா, புது பைப்பா என்று முதலில் விலை கேளுங்கள். கோன் செட்டில் (ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்) ஆட்டம் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள், பிரேக் பிடிக்கும்போது வரும் ‘டக்’ சில வண்டிகளில் அங்கிருந்துதான் வருகிறது.