ஜீப் தம்பிக்கு, தவணை அக்காவுக்கா?

கேள்வி: ஈரோடு பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 47. கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய், வீட்டுக் கடன் தவணை 14,000. என் தம்பி '1944 வில்லிஸ்' ஜீப் ஒன்றை 11 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறான். என் நகையை அடகு வைத்து 2 லட்சம் முன்பணம் கொடுத்தாயிற்று. மீதி 9 லட்சத்துக்கு என் பெயரில் பர்சனல் லோன் எடுக்கச் சொல்கிறான். டீசல் எஞ்சின், அதனால் செலவு குறைவாம். கல்யாண வாடகைக்கு விட்டே தவணை கட்டிவிடலாம், மூன்று வருடத்தில் ஏலத்தில் இரண்டு மடங்குக்குப் போகும் என்கிறான். அவனுடைய மினி லாரிக்கு என் பெயரில் எடுத்த கடனுக்கு மாதம் 7,800 ரூபாய் நான்தான் கட்டுகிறேன். இன்னும் 19 மாதம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வங்கியில் கையெழுத்து. போடலாமா?

பதில்: போடாதீர்கள். வெள்ளிக்கிழமை அந்த வங்கிப் பக்கமே போக வேண்டாம்.

சம்பளத்தில் எவ்வளவு தவணைக்குப் போகலாம் என்பது கணக்கு எழுதிப் பார்க்கும் உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் நேரே ஜீப்புக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸும் ஃபோர்டும் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தன. எல்லாமே 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். அப்புறம் டீசல் எங்கிருந்து வந்தது? நல்லபடியாக நினைத்தால், எஞ்சின் மாற்றிய பழைய வண்டி. இல்லையென்றால், ஹரியானாவின் மண்டி டப்வாலி மாதிரி ஊர்ப் பட்டறைகளில் செய்வதுபோல, பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய வண்டி. முகப்புத் தகட்டில் எத்தனை செங்குத்துத் துளைகள் என்று தம்பியை எண்ணச் சொல்லுங்கள். 1944 ராணுவ ஜீப்புக்கு ஒன்பது. போருக்குப் பின் பொதுமக்களுக்கு வந்த மாடல்களுக்கு ஏழு. ஒன்பதே இருந்தாலும் நிம்மதி வேண்டாம், முகப்பை மாற்றிவிடலாம். டேஷ்போர்டில் வைக்கும் அடையாளத் தகடுகூடப் புதிதாகவே விற்கிறது.

நகல் வண்டி தப்பா என்று கேட்டால், என் கருத்தில் இல்லை. அமெரிக்காவின் ஷெல்பி கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1960களில் மொத்தமே ஆயிரம் வண்டிதான் வந்தது. அதைப் பார்த்துச் செய்த நகல்கள் பல்லாயிரம் ஓடுகின்றன. ஓட்டும் சுகத்துக்காக வாங்குகிறவர்கள் நகல் என்று தெரிந்தே வாங்குகிறார்கள். முதல் கோப்ரா 2016இல் 1.375 கோடி டாலருக்கு ஏலம் போனபோது, அந்த நகல்களுக்கு அதன் சிறு துண்டு விலைகூட வந்துவிடவில்லை. நகலுக்கு நகல் விலை கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே கேட்கும் விலை அசலுக்கானது.

தம்பி உங்களுக்கு 2022 மெர்சிடிஸ் ஏலச் செய்தியைக் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். எல்லோரும் அதைத்தான் காட்டுகிறார்கள். 1955இல் செய்த அந்த 300 எஸ்.எல்.ஆர். கூபே 13.5 கோடி யூரோவுக்குப் போனது, அன்றைய மதிப்பில் ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். அந்த மாதிரி கார் உலகத்திலேயே இரண்டுதான். தவிர, இந்த ஏலச் செய்திகளில் வரும் விலையில் பெரும்பாலும் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் பத்து, பன்னிரண்டு சதவீதமும் சேர்ந்தே இருக்கும். விற்றவர் கைக்கு அவ்வளவு வராது. விலை போகாமல் திரும்பிய வண்டிகள் செய்தியிலேயே வராது. 1980களின் கடைசியில் ஃபெராரி விலைகள் இப்படித்தான் ஏறின. 1990க்குப் பிறகு சரிந்தபோது, கடனில் வாங்கியவர்கள்தான் முதலில் மாட்டினார்கள். 

சரி, கல்யாண வாடகை. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 வயது கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றமில்லாத வண்டிக்குத்தான் 'வி.ஏ.' நம்பர் வரிசையில் விண்டேஜ், அதாவது பழங்கால வண்டி என்ற பதிவு. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டமும் வணிக ஓட்டமும் கூடாது. டீசல் எஞ்சின் வைத்த இந்த ஜீப்புக்கு அந்தப் பதிவு கிடைப்பதே கஷ்டம். கிடைத்தால் வாடகைக்கு விட முடியாது. வெள்ளை நம்பர் பலகை மாட்டிய சாதாரண சொந்த வண்டியாக இருந்தாலும் வாடகை ஓட்டம் சட்டத்துக்குப் புறம்புதான். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டே கணக்குப் போடுவோம். 9 லட்சம், 14 சதவீதம், ஐந்து வருடம் என்றால் தவணை சுமார் 20,900. கட்டி முடிக்கும்போது 12.5 லட்சம். நகைப் பணம் 2 லட்சம். இன்சூரன்ஸ், மெக்கானிக், ஷெட் என்று வருடத்துக்கு 40,000 வைத்தால் ஐந்து வருடத்தில் இன்னொரு 2 லட்சம். மொத்தம் பதினாறரை. நகைக் கடன் வட்டியை இன்னும் சேர்க்கவில்லை. ஒரு கல்யாணத்துக்கு 5,000 கிடைத்தால் மாதம் நாலுக்குமேல் கல்யாணம் வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் யார் வைக்கிறார்கள்? உங்கள் பக்கம் பார்த்தால் 14,000, 7,800, 20,900 சேர்ந்து மாதம் 42,700. மிச்சம் 19,300இல் குடும்பம் நடத்த வேண்டும்.

உண்மையில் ஜீப் எனக்குப் பெரிய விஷயமே இல்லை. லாரியில் நடந்ததுதான் இதிலும் நடக்கப் போகிறது: ஆசை அவருடையது, வண்டி அவருடையது, கையெழுத்து உங்களுடையது. தம்பி ஏன் தன் பெயரில் கடன் கேட்கவில்லை? வங்கி கொடுக்காது என்பதால்தானே? அவருடைய வருமானத்தைப் பார்த்து வங்கி எடுத்த முடிவை நீங்கள் பாசத்தால் மாற்றி எழுதுகிறீர்கள். லாரிக்கே 19 மாதத்தில் இன்னும் ஒன்றரை லட்சம் கட்டப் போகிறீர்கள்.

முன்பணத்துக்கு வழி இருக்கிறது. விற்பவரிடம் ஆர்.சி. நகலும் சேஸிஸ் எண்ணும் கேளுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் வருடம், எஞ்சின் எண், எரிபொருள் மூன்றும் வண்டியோடு ஒத்துப்போகவில்லை என்றால், '1944 அசல்' என்று சொன்னதை வைத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தை அழித்துவிடாதீர்கள். முழுதும் திரும்பாவிட்டாலும், 2 லட்சத்தைக் காப்பாற்ற 9 லட்சத்தைப் பின்னாலேயே அனுப்பாதீர்கள்.

தம்பியிடம் நேரில் பேசுவது கஷ்டமாக இருந்தால், ஆலோசகர் கூடாது என்று சொல்லிவிட்டார் என்று பழியை என் மேல் போடுங்கள். கூடவே அந்த லாரி ஓடுகிறதா, நிற்கிறதா என்று கேளுங்கள். ஓடினால் அடுத்த மாதத்திலிருந்து 7,800 அவர் கணக்கிலிருந்து போகட்டும். நின்றால் விற்று, அந்தக் கடனை முடித்துவிட்டு, உங்கள் நகையை மீட்டு எடுங்கள்.